பென்னிகுயிக் போட்ட கணக்கு

எங்க வீட்டு முன் ஹால்ல மூணு படம் மாட்டியிருக்கும். ஒண்ணு முருகன். ஒண்ணு எங்க தாத்தா. மூணாவது, மீசை வெச்ச ஒரு வெள்ளைக்காரர். முதல் வருஷ லீவுல வீட்டுக்கு வந்த என் ஹாஸ்டல் ரூம்மேட் அந்தப் படத்தைப் பார்த்துட்டு, இவர் உங்க சொந்தக்காரரான்னு கேட்டான். சென்னைப் பையன், அவனுக்குத் தெரியாது. கம்பம் பள்ளத்தாக்குல பாதி வீட்டுல அந்தப் படம் இருக்கும். டீக்கடையில இருக்கும், டிராக்டர்ல ஸ்டிக்கரா இருக்கும். பையன்களுக்கு அவர் பேரையே வெச்சவங்களும் இருக்காங்க. தேனி புது பஸ் ஸ்டாண்டுக்கு அவர் பேர்தான். ஜனவரி 15 அவர் பிறந்தநாள். அன்னைக்கு அவருக்காகத் தனியா பொங்கல் வைக்கிற ஊர்கள் இருக்கு.

கர்னல் ஜான் பென்னிகுயிக். முல்லைப் பெரியாறு அணையைக் கட்டினவர்.

அவரைப் பத்தி எனக்குத் தெரிஞ்சதெல்லாம் எங்க அப்பத்தா சொன்ன ஒரே கதைதான். பாதி அணையை வெள்ளம் அடிச்சிட்டுப் போயிடுச்சு, கவர்ன்மென்ட் கைவிட்டுடுச்சு, அவர் இங்கிலாந்துக்குப் போய் வீடு வாசலை வித்து, பொண்டாட்டி நகையை வித்து, திரும்பி வந்து அணையைக் கட்டினார். நான் சிவில் படிக்கச் சேர்ந்ததுக்கு இந்தக் கதையும் ஒரு காரணம். இப்போ கடைசி வருஷம். ஒரு செமினாருக்காக அவரைப் பத்தி ஒழுங்கா படிச்சேன். படிக்கப் படிக்க, அந்தக் கதையைவிடப் பெரிய ஒரு விஷயம் அவர் வாழ்க்கையில இருக்குன்னு தோணுச்சு. அதைத்தான் இங்க எழுதுறேன். இங்கிலீஷ் மீடியத்துல படிச்சவன், எழுத்துப் பிழை இருந்தா பொறுத்துக்கோங்க.

அப்பா இல்லாத பையன்

பென்னிகுயிக் பிறந்தது இங்கிலாந்துல இல்ல, நம்ம புனேவுல. 1841 ஜனவரி 15. அப்பா பேரும் ஜான் பென்னிகுயிக்தான், ராணுவத்துல பிரிகேடியர். 1849 ஜனவரி 13-ல பஞ்சாப்ல சிலியன்வாலாங்கிற இடத்துல சீக்கியர்களோட நடந்த போர்ல அப்பா செத்துப் போறார். அதே போர்ல, அதே நாள்ல, 17 வயசு அண்ணன் அலெக்சாண்டரும் சாகுறார். நம்ம ஜானுக்கு எட்டு வயசு முடிய ரெண்டு நாள் இருக்கு.

அப்புறம் இங்கிலாந்துல செல்டன்ஹாம் கல்லூரி, அதுக்கப்புறம் அடிஸ்கோம்ப். அடிஸ்கோம்ப் கிழக்கிந்தியக் கம்பெனி நடத்தின ராணுவப் பயிற்சிப் பள்ளி. அங்கிருந்து 1858-ல மதராஸ் எஞ்சினியர்ஸ் படைப்பிரிவுல சேர்ந்து, 1860-ல இந்தியாவுக்கு வர்றார். அப்போ 19 வயசு. நம்ம ரெண்டாம் வருஷ ஜூனியர்ஸ் வயசு. நடுவுல அபிசீனியாவுல, அதாவது இப்போதைய எத்தியோப்பியாவுல, நடந்த படையெடுப்புக்குப் போயிட்டு வந்தார். மத்தபடி 30 வருஷத்துக்கு மேல மதராஸ் மாகாணத்துப் பொதுப்பணித் துறைதான் அவர் வாழ்க்கை. கிரிக்கெட் மேல பைத்தியம். இதைப் படிச்சதும் அவர் எனக்கு இன்னும் கொஞ்சம் நெருக்கமாயிட்டார்.

ஒரு மலை, ரெண்டு விதி

எங்க ஊரைப் பார்க்காதவங்களுக்காக இது. கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர்னு நீளமா ஒரு பள்ளத்தாக்கு. மேற்கே சுவர் மாதிரி மலை. அந்த மலைக்கு அந்தப் பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டித் தீர்க்கும். மேகம் மலையைத் தாண்டி நம்ம பக்கம் வர்றதுக்குள்ள மழை முக்கால்வாசி தீர்ந்துடும். புத்தகத்துல இதை மழை மறைவுப் பிரதேசம்னு சொல்றாங்க. அந்தப் பக்கம் பெரியாறு யாருக்கும் தேவைப்படாத அளவுக்குத் தண்ணியைச் சுமந்துகிட்டுப் போய் அரபிக் கடல்ல கொட்டும். இந்தப் பக்கம் வைகை பாதி வருஷம் மணலாக் கிடக்கும்.

அந்தத் தண்ணியை இந்தப் பக்கம் திருப்பலாமேங்கிற யோசனை பென்னிகுயிக்கோடது இல்ல. 1789-லயே ராமநாதபுரம் சமஸ்தானத்தோட பிரதானி முத்து இருளப்ப பிள்ளை ஆளனுப்பி மலையைப் பார்த்துட்டு வரச் சொல்லியிருக்கார். சமஸ்தானத்துகிட்ட பணம் இல்ல, விட்டாச்சு. 1808-ல கேப்டன் கால்டுவெல் சர்வே பண்ணி, இது நடக்காத கனவுன்னு ரிப்போர்ட் கொடுத்துட்டார். 1850-ல கேப்டன் ஃபேபர் சின்னதா ஒரு வேலையை ஆரம்பிச்சார். அந்தக் காட்டுக் காய்ச்சல்ல வேலை செய்ய ஆட்கள் அதிகக் கூலி கேட்டாங்க, அதுவும் நின்னுடுச்சு. 1867-ல மேஜர் ரைவ்ஸ் ஒரு மண் அணைக்கு 17.49 லட்சம் ரூபாய்ல எஸ்டிமேட் போட்டார். அதுவும் ஃபைலுக்குள்ளயே தூங்குச்சு.

கவனிச்சுப் பாருங்க. எண்பது வருஷமா எல்லாருக்கும் தண்ணி எங்க இருக்குன்னு தெரியும், நிலம் எங்க இருக்குன்னும் தெரியும். ஒவ்வொரு தடவையும் அந்த வருஷத்துச் செலவு பெருசாத் தெரிஞ்சுது, பின்னாடி வரப்போற வரவு கண்ணுக்குத் தெரியல.

பஞ்சம் சொல்லிக் கொடுத்த பாடம்

அந்தத் தூக்கத்தைக் கலைச்சது 1876-78 பஞ்சம். தாது வருஷப் பஞ்சம்னு நம்ம ஊர்ப் பெரியவங்க இன்னும் சொல்ற அதே பஞ்சம். இந்தியா முழுக்க 50 லட்சம் பேருக்கு மேல செத்ததா கணக்கு, அதுல பெரும்பகுதி மதராஸ் மாகாணத்துல. நிவாரண வேலைக்கு வந்தவங்களுக்குக் கூலியா நாளைக்கு ஒரு பவுண்டு, அதாவது சுமார் 450 கிராம், தானியமும் ஒரு அணாவும் போதும்னு சர் ரிச்சர்ட் டெம்பிள் முடிவு பண்ணினார். கல்லு உடைக்கிற ஆளுக்கு 450 கிராம். அரசாங்கம் காசை மிச்சம் பிடிக்கப் பார்த்துச்சு. கடைசியில காசும் போச்சு, உயிரும் போச்சு, வரி கட்ட ஆளில்லாம வருமானமும் போச்சு.

அதுக்கப்புறம்தான் யோசனை வந்துச்சு. பஞ்சம் வந்தபிறகு கஞ்சி ஊத்துறதைவிட, பஞ்சம் வராம இருக்க முன்னாடியே செலவு பண்றது மலிவு. வைஸ்ராய் லிட்டன் காலத்துல வருஷத்துக்கு ஒன்றரைக் கோடி ரூபாய் பஞ்சத்துக்குன்னே ஒதுக்கி வைக்க ஏற்பாடாச்சு. அந்தப் பணம் ரயில்பாதைக்கும் ஆப்கான் போருக்கும் திரும்புதுன்னு அப்பவே சண்டை நடந்துச்சு. 1880-ல பஞ்ச கமிஷன் பாசன வேலைகளுக்கு முக்கியத்துவம் கொடுக்கச் சொல்லுச்சு. கோதாவரியில அணைக்கட்டு கட்டின ஆர்தர் காட்டன், ரயிலைவிடத் தண்ணிதான் முதல்ல வேணும்னு வருஷக்கணக்கா கத்திகிட்டு இருந்தார். ரயில் தானியத்தைக் கொண்டு வரும்தான். ஆனா வாங்க கையில காசு இல்லாதவனுக்கு அந்த ரயில் ஸ்டேஷன்ல நின்னாலும் ஒண்ணுதான், நிக்காட்டியும் ஒண்ணுதான்.

இந்தக் காலத்துக்குத் தக்கபடி சொல்றதா இருந்தா, இது ஒரு பொருளாதாரச் சீர்திருத்தம். அரசாங்கம் வாங்குற கடனை ரெண்டு வகையாப் பிரிச்சாங்க. சாப்பிடுறதுக்கு வாங்குற கடன் ஒண்ணு. சம்பாதிச்சுக் கொடுக்கிற சொத்துக்காக வாங்குற கடன் இன்னொண்ணு. ரெண்டாவது வகைக்கு ஒரு நிபந்தனை: கட்டின பிறகு வர்ற வருமானம் வட்டியைக் கட்டுமான்னு எஞ்சினியர் காகிதத்துல காட்டணும். இன்னைக்கு பட்ஜெட்ல வருவாய்க் கணக்கு, மூலதனக் கணக்குன்னு பிரிக்கிறதும் அதேதான். எங்க அப்பா பாஷையில சொன்னா, கல்யாணத்துக்கு வாங்குற கடன் வேற, போர்வெல்லுக்கு வாங்குற கடன் வேற.

1882: எஸ்டிமேட் போடுற வேலை

இந்த நேரத்துலதான் நம்மாளு உள்ள வர்றார். 1882-ல பெரியாறு திட்டத்தைத் திருத்தி முழுசாத் தயாரிக்கச் சொல்லி பென்னிகுயிக்கிட்ட பொறுப்பு கொடுக்கிறாங்க. அவருக்கு வயசு 41.

அவர் பண்ணின முதல் பெரிய முடிவு, மண் அணை வேண்டாம்கிறது. பெரியாத்து வெள்ளம் மேல ஏறிப் போச்சுன்னா மண் அணை கரைஞ்சு போயிடும். தன் எடையாலயே தண்ணியைத் தாங்குற கல் அணைதான் சரின்னு முடிவெடுத்தார். நாம கிராவிட்டி டேம்னு படிக்கிறோமே, அது. சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்த்த காரை. சுர்க்கின்னா சுட்ட செங்கல் பொடி. காட்டுக்குள்ள, ரோடு இல்லாத இடத்துல, கிடைக்கிற பொருளை வெச்சு டிசைன் பண்ணினார். அணையின் நீளம் சுமார் 1,200 அடி, உயரம் 155 அடி, அஸ்திவாரத்திலிருந்து அளந்தா 176 அடி. அடியில சுமார் 140 அடி அகலம், உச்சியில 12 அடி.

ரெண்டாவது முடிவு இன்னும் அழகு. தண்ணி தானா கிழக்கே வராது. மலையைக் குடைஞ்சு சுமார் 5,700 அடிக்கு ஒரு சுரங்கம். அதுவழியா தண்ணி மலைக்கு இந்தப் பக்கம் விழுந்து, வைரவனாறு, சுருளியாறு வழியா வைகையில சேரும். மேற்கே போற ஆத்தைக் கிழக்கே திருப்புறதுங்கிறது அதுதான். பம்பு கிடையாது, மோட்டார் கிடையாது, கரண்ட் பில் கிடையாது. சரிவு மட்டும்தான்.

1884-ல திட்டத்துக்கு ஒப்புதல் கிடைச்சுது. ஆனா அணை கட்டப் போற இடம் திருவிதாங்கூர் சமஸ்தானத்துல இருக்கு. 1886 அக்டோபர் 29-ல குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தாச்சு. திருவிதாங்கூர் பக்கம் திவான் ராமய்யங்கார், மதராஸ் பக்கம் ரெசிடென்ட் ஹானிங்டன். 8,000 ஏக்கர், ஏக்கருக்கு வருஷம் 5 ரூபாய், மொத்தம் 40,000 ரூபாய். குத்தகைக் காலம் 999 வருஷம்.

இந்த ஒப்பந்தத்தைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லியே ஆகணும். 5 ரூபாய்ங்கிறது 84 வருஷம் மாறவே இல்ல. 1970-லதான் 30 ரூபாயாச்சு. 999 வருஷத்துக்கு ஒரு விலை எழுதிட்டு, அதை எப்போ மறுபடி பேசலாம்னு எழுதாத ஒப்பந்தம், ஒரு பக்கத்துக்கு எப்பவுமே உறுத்திகிட்டுதான் இருக்கும். பிரிட்டிஷ் அரசு முன்னாடி ஒரு சமஸ்தானம் எவ்வளவு பேரம் பேசியிருக்க முடியும்? நான் தேனிக்காரன், அந்தத் தண்ணியில வளர்ந்தவன். இருந்தாலும் இதைச் சொல்லாம விட்டா நேர்மை இல்ல.

எட்டு வருஷம், 483 கல்லறை

1887-ல வேலை ஆரம்பம். யானை, புலி நடமாடுற காடு. மதராஸ் பயனியர்ஸ் படையோட ரெண்டு பட்டாலியன், பள்ளத்தாக்கிலிருந்தும் மத்த ஊர்கள்லயிருந்தும் போன கூலியாட்கள், கொச்சியிலிருந்து வந்த தச்சர்கள். மலைக்குக் கீழ இருந்து சுண்ணாம்பும் சாமானும் கம்பிவடத்துல தொங்கிகிட்டு மேல போகும். அங்கிருந்து வண்டி, அப்புறம் படகு. இப்படித்தான் அணை இருக்கிற இடத்துக்குப் போய்ச் சேரணும்.

ஓடுற ஆத்துக்கு நடுவுல அஸ்திவாரம் போடணும்னா, முதல்ல தண்ணியைத் தற்காலிகமாத் தடுத்து ஒதுக்கணும். அந்தத் தடுப்பை வெள்ளம் திரும்பத் திரும்ப அடிச்சிட்டுப் போச்சு. ஒரு சீசன் முழுக்கக் கட்டினது ஒரு ராத்திரியில இல்லாம போகும். நம்ம ஒரு லேப் ரெக்கார்டு ரிஜெக்ட் ஆனாலே ரெண்டு நாள் சோறு இறங்காது. இவங்க அடுத்த சீசன் திரும்பவும் முதல்லயிருந்து ஆரம்பிச்சாங்க.

அதைவிட மோசம் மலேரியா. வருஷத்துல சில மாசம் காய்ச்சலுக்குப் பயந்து வேலையையே நிறுத்திட வேண்டியிருந்துச்சு. நோயில செத்தவங்க 483 பேர்னு பதிவு இருக்கு. அணைக்கு வடக்கே அவங்களைப் புதைச்ச இடம் இருக்கு. அவங்க படம் எங்க வீட்டு ஹால்ல இல்ல. யார் வீட்டுலயும் இல்ல.

1895 அக்டோபர்ல கவர்னர் வென்லாக் பிரபு திறந்து வைக்க, பெரியாத்துத் தண்ணி கிழக்கே இறங்குச்சு. செலவு 80 லட்சத்தைத் தாண்டிடுச்சு. 1867-ல போட்ட 17.49 லட்சத்தை நினைச்சுப் பாருங்க. பென்னிகுயிக்குக்கு வயசு 54.

சொத்தை வித்தாரா?

இப்போ அப்பத்தா கதைக்கு வர்றேன்.

அந்தக் கதையை நான் எவ்வளவு ஆசையாத் தேடினேன்னு சொல்ல முடியாது. ஆனா அரசாங்க வரலாற்றுலயும் கணக்குலயும் இந்த அணை மதராஸ் அரசாங்கத்துச் செலவாத்தான் வருது. இது எனக்கு முதல்ல ஏமாத்தமாத்தான் இருந்துச்சு. சாமி படத்துலயிருந்து யாரோ ஒளிவட்டத்தைப் பிடுங்கின மாதிரி.

அப்புறம் யோசிச்சுப் பார்த்தேன். சொத்தை வித்து அணை கட்டின மனுஷன்னா, நாம என்ன பண்ண முடியும்? கும்பிடலாம். அடுத்து அப்படி ஒருத்தர் வருவார்னு காத்திருக்கலாம். ஆனா, ஒரு அரசாங்க எஞ்சினியர் 13 வருஷம் ஒரே திட்டத்தோட நின்னு, எஸ்டிமேட் போட்டு, திருத்தி, ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் ஏன் இன்னும் செலவு பண்ணணும்னு மேலிடத்துக்குப் பதில் எழுதி, பொதுப் பணத்தைச் சரியான இடத்துல போட வெச்சார்னா? அது கத்துக்கக்கூடிய விஷயம். பரீட்சை எழுதி பொதுப்பணித் துறையில சேரப் போற என் கிளாஸ்மேட்டால செய்ய முடிகிற விஷயம்.

மூணாம் வருஷத்துல எஞ்சினியரிங் எகனாமிக்ஸ் பேப்பர்ல நெட் பிரசன்ட் வேல்யூ படிச்சோமே, ஞாபகம் இருக்கா? 10 சதவீதம் டிஸ்கவுன்ட் ரேட் வெச்சா, 30 வருஷம் கழிச்சு வரப்போற 100 ரூபாய்க்கு இன்னைக்கு மதிப்பு 6 ரூபாய்கூட இல்ல. 4 சதவீதம் வெச்சா அதே 100 ரூபாய்க்கு 31 ரூபாய். நூறு வருஷம் கழிச்சு வர்ற 100 ரூபாய்க்கு 10 சதவீதத்துல இன்னைக்கு மதிப்பு ஒரு பைசாகூட கிடையாது. பேரன் பேத்திகளோட சோறு இந்தக் கணக்குல பூஜ்யம். 1789-லயிருந்து இந்தத் திட்டத்தைக் கைவிட்ட எல்லாருமே கிட்டத்தட்ட இப்படித்தான் பார்த்தாங்க. அவங்க முட்டாள் இல்ல, அவங்க வெச்ச அளவுகோல் குட்டை.

அந்த ஒரு பைசாவுக்கு என்ன வந்துச்சு

1895-ல அந்த எஸ்டிமேட்ல எழுதாத வரவெல்லாம் இது:

எங்க கம்பம் பள்ளத்தாக்குல 14,707 ஏக்கர் இருபோகம். மழை ஒழுங்கா இருந்தா ஜூன் மாசம் முதல் போகத்துக்குத் தண்ணி திறப்பாங்க. கீழே மதுரை, சிவகங்கைப் பக்கமெல்லாம் சேர்த்தா ரெண்டு லட்சம் ஏக்கருக்கு மேல பாசனம்.

1950-களின் கடைசியில லோயர் கேம்ப்ல நீர்மின் நிலையம் வந்துச்சு. அதே தண்ணிதான், வயலுக்குப் போற வழியில மலைச்சரிவுல விழும்போது கரண்ட் கொடுத்துட்டுப் போகுது. 1959-ல வைகை அணை. மதுரை நகரம் குடிக்கிற தண்ணியில பெரியாத்துத் தண்ணியும் இருக்கு. நெல்லுக்குப் பக்கத்துலயே திராட்சை வந்துச்சு, கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல புவிசார் குறியீடும் கிடைச்சுது. ஏன், தேக்கடியில நாம டூர் போய் போட்டிங் போறோமே, அந்த ஏரியே இந்த அணையால உண்டானதுதான்.

இதுல முக்கியமான விஷயம் என்னன்னா, மின் நிலையத்தை பென்னிகுயிக் போடல, வைகை அணையை அவர் கட்டல. அடுத்தடுத்த தலைமுறை அதே அஸ்திவாரத்து மேல அடுத்த மாடியைக் கட்டினாங்க. ஒரு நாடு தொடர்ந்து வளமா இருக்குதுன்னா அதுக்கு இதுதான் அர்த்தம்னு நினைக்கிறேன். முந்தின தலைமுறை போட்ட முதலைத் தின்னு தீர்க்காம, அதுல வர்ற வட்டியை எடுத்து, கொஞ்சம் முதலையும் சேர்த்துட்டுப் போறது. நார்வேக்காரங்க எண்ணெய்ல வந்த பணத்தை 1990-லயே சட்டம் போட்டு ஒரு நிதியா ஒதுக்கினாங்க. எண்ணெய் ஒருநாள் தீரும், பிள்ளைகளுக்கு வேணும்னு. நம்மகிட்ட எண்ணெய் இல்ல, தண்ணி இருந்துச்சு.

கடைசி வருஷங்கள்

பென்னிகுயிக் மதராஸ்ல சீஃப் எஞ்சினியராகி 1896-ல ஓய்வு பெற்றார். அப்புறம் இங்கிலாந்துல கூப்பர்ஸ் ஹில்ல இருந்த ராயல் இந்தியன் எஞ்சினியரிங் காலேஜுக்குத் தலைவரா இருந்தார். இந்தியாவுக்கு எஞ்சினியர்களைத் தயார் பண்ற கல்லூரி அது. அணை கட்டினவர், அடுத்து அணை கட்டப் போறவங்களுக்குப் பாடம் நடத்தப் போயிட்டார். பெரியாறு திருப்பம் பத்தி அவர் எழுதின கட்டுரைக்கு சிவில் எஞ்சினியர்கள் சங்கத்தோட டெல்ஃபோர்ட் பதக்கம் கிடைச்சுது. ஆஸ்திரேலியாவுல பிரிஸ்பேன் ஆத்து வெள்ளத்தை எப்படிக் குறைக்கலாம்னு குவீன்ஸ்லாந்து அரசாங்கம் அவர்கிட்டதான் ஆலோசனை கேட்டுச்சு. 1911 மார்ச் 9-ல கேம்பர்லிங்கிற ஊர்ல இறந்தார். வயசு 70. பொண்ணுங்க அஞ்சு பேர், ஒரே பையன். அந்தப் பையன் பிற்காலத்துல இங்கிலாந்துல ஹைகோர்ட் நீதிபதியானார்.

2013 பொங்கல் சமயத்துல லோயர் கேம்ப்ல அவருக்கு மணிமண்டபம் திறந்தாங்க. 2022-ல கேம்பர்லியிலயும் தமிழ்நாடு அரசு சார்பா சிலை வெச்சாச்சு. மரியாதையில நாம குறை வைக்கல.

நம்ம கணக்கு

குறை வேற இடத்துல இருக்கு. எங்க வயலுக்கு வர்ற வாய்க்கால்ல போன வருஷம் கடைமடைக்குத் தண்ணி ஏறவே பத்து நாள் ஆச்சு. அணையில தண்ணி இருக்கு, ஆத்துல தண்ணி இருக்கு, வாய்க்கால்ல ஆகாயத்தாமரையும் பிளாஸ்டிக்கும் இருக்கு. இந்தியா முழுக்க இதே கதைதான். பாசன வரியா வசூலாகிறது பராமரிப்புச் செலவுக்குப் பக்கத்துலகூட வராது. புதுசா ஒண்ணு கட்டினா ரிப்பன் வெட்டலாம், தூர் வாரினதுக்கு யார் ரிப்பன் வெட்டுவாங்க? அதனால பட்ஜெட்ல முதல்ல வெட்டு விழுறது பராமரிப்புக்குத்தான்.

பென்னிகுயிக் வாழ்க்கையைப் படிச்ச ஒரு மாணவனா எனக்குத் தோணுற சீர்திருத்தம் மூணு.

ஒண்ணு, பராமரிப்பைச் செலவுன்னு எழுதுறதை நிறுத்தணும். சொத்தைக் காப்பாத்துறதும் முதலீடுதான். ஒவ்வொரு பெரிய திட்டத்தோடயும் அதோட ஆயுசு முழுக்கத் தேவைப்படுற பராமரிப்புப் பணத்தையும் சேர்த்தே ஒதுக்கணும்.

ரெண்டு, தண்ணிக்குக் கணக்கு வேணும். ஆத்துத் தண்ணி வரலேன்னா இலவசக் கரண்ட்ல போர்வெல்லை ஓட்டுறோம். 1895-ல கிடைச்ச முதலை மேலே தின்னுகிட்டே, பூமிக்குள்ள இருக்கிற முதலையும் சேர்த்துத் தின்னுறோம். ஏழை விவசாயிக்கு உதவி வேண்டாம்னு சொல்லல, எங்க அப்பாவே அந்த விவசாயிதான். உதவியைத் தண்ணியை மிச்சம் பண்றதுக்குக் கொடுங்க, தண்ணியை இறைக்கிறதுக்குக் கொடுக்காதீங்க.

மூணு, வாய்க்காலைப் பயன்படுத்துறவங்ககிட்ட அதோட பொறுப்பும் பணமும் போகணும். குடிமராமத்துன்னு நம்மகிட்ட பழைய பேரே இருக்கு. 2017 வாக்குல அரசாங்கமே அதைத் திரும்பக் கொண்டு வந்துச்சு. திட்டமா வந்து போறது இல்லாம, வருஷா வருஷம் நடக்கிற வழக்கமா மாறணும்.

அணை விஷயத்துலயும் இதேதான். 1979-க்கு அப்புறம் அணையோட உச்சியில கான்கிரீட் போட்டு, கம்பி இறக்கி, பின்னாடி கான்கிரீட் தாங்கல் கொடுத்துப் பலப்படுத்தியிருக்காங்க. 2014-ல சுப்ரீம் கோர்ட் 142 அடி வரைக்கும் தேக்கலாம்னு சொல்லிடுச்சு. ஆனா கீழே வாழ்ற கேரளா மக்களோட பயம் தீர்ப்பால போயிடாது. நமக்குத் தண்ணி வேணும், அவங்களுக்குத் தூக்கம் வேணும். ரெண்டையும் கணக்குல சேர்க்கிற எஞ்சினியர்கள்தான் இனிமே தேவை. அது நம்ம பேட்ச்லயிருந்து வரட்டும்.

எனக்கு பெங்களூர்ல ஒரு சாஃப்ட்வேர் வேலை கிடைச்சிருக்கு. அப்பா, ஒன்றரை ஏக்கரைப் பிளாட் போட்டுக் கொடுத்துடலாமான்னு கேட்டுகிட்டு இருக்கார். வேலைக்குப் போறதா இல்லையான்னு நான் இன்னும் முடிவு பண்ணல. நிலத்தை மட்டும் இப்போ கொடுக்க வேண்டாம்னு சொல்லியிருக்கேன். முப்பது வருஷத்துக்குக் கணக்குப் போட்டுப் பார்த்துட்டுப் பேசலாம்னு சொன்னேன். சரின்னுட்டார்.

இந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போனப்ப அப்பத்தாகிட்ட மெதுவா விஷயத்தை உடைச்சேன். அவர் சொத்தை வித்ததா அரசாங்கக் கணக்குல இல்ல அப்பத்தா, அந்தப் பணம் கவர்ன்மென்ட் கொடுத்ததுன்னு. கோவப்படுவாங்கன்னு நினைச்சேன். கவர்ன்மென்ட்டுக்கு ஏது பணம்னு கேட்டாங்க. ஜனங்க கட்டின வரி, ஜனங்க பேர்ல வாங்கின கடன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, அப்ப அது நம்ம முப்பாட்டன் காசுதானேன்னாங்க. அப்புறம் எழுந்து போய் வழக்கம் போல அந்தப் படத்துக்குப் பூ வெச்சாங்க. மிச்சப் பூவைக் கையில வெச்சுகிட்டு, மலையில செத்துப்போன அந்த 483 பேருக்கு எங்க வைக்கிறதுன்னு என்னைக் கேட்டாங்க. எனக்குப் பதில் தெரியல. வாய்க்கால் மடையில வெச்சுட்டு வந்தோம்.